இன்சார்ஜ் நடந்துகொள்ளும் விதம், நம் கைத்திறன் மேல் நமக்குள்ள நம்பிக்கையை எவ்வளவு மாற்றுகிறது?

காலைடியூட்டி (ஸ்டாஃப் நர்ஸ், பொது மருத்துவ வார்டு)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயம். இங்கே மூத்தவர்கள் நிறைய பேர் இருப்பதால் கேட்கிறேன்.

எங்கள் வார்டுக்கு அடுத்தடுத்து இரண்டு இன்சார்ஜ் சிஸ்டர்கள், அதாவது வார்டின் பொறுப்பில் இருக்கும் மூத்த நர்ஸ்கள், வந்தார்கள். முதலில் இருந்தவர் ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னாலும் சத்தம் போடுவார். நோயாளி, உறவினர், டாக்டர் யார் நின்றாலும் பார்க்க மாட்டார். "இதுகூடத் தெரியாமலா பாஸ் பண்ணி வந்தே?" என்ற கேள்வி யார் மேலாவது தினமும் விழும். அவர் பக்கத்தில் வந்து நின்றாலே, கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலைகூடக் கை நடுங்கிச் செய்ய வேண்டியதாகிவிடும். அவர் மாறிப் போனபோது வார்டே மூச்சு விட்டது.

அடுத்து வந்தவர் நேர் எதிர். குரலை உயர்த்தவே மாட்டார், லீவு கேட்டால் முகம் சுளிக்க மாட்டார். அவர் மேல் எங்களுக்கு உண்மையான பாசம். ஆனால் ஒன்று நடக்கிறது. வயதான ஒரு நோயாளிக்குக் கேனுலா (மருந்து ஏற்றுவதற்காக ரத்தக் குழாயில் போடும் மெல்லிய குழாய்) மாற்ற வேண்டும், இரண்டு கையிலும் ஏற்கெனவே குத்திய இடங்கள் நீலமாகக் கன்றிப் போயிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். டூர்னிக்கெட் கட்டி, விரலால் தடவித் தடவி, முன்கையில் ஒரு வெயினை, அதாவது ஊசி போடத் தகுந்த ரத்தக் குழாயை, பிடித்துவிடுவேன். ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, அது காயும்வரை பொறுத்து, ஊசியைக் கையில் எடுக்கும்போது பின்னாலிருந்து அவர் கை வரும். "விடும்மா, நீ கஷ்டப்படாதே, நான் போட்டுடறேன்." ஒரே குத்தில் போட்டும் விடுவார். நோயாளிக்கு நல்லது, எனக்கும் அப்போதைக்கு நிம்மதி.

இப்போது பார்த்தால், வெயின் கொஞ்சம் மெலிந்திருந்தாலே நானே போய் அவரைக் கூப்பிடுகிறேன். முன்பெல்லாம் யாரையும் கூப்பிடாமல் நானே போட்ட வெயின்கள்தான் அவை. திட்டியவரிடமும் நம்பிக்கை குறைந்தது, அன்பானவரிடமும் குறைகிறது. இது எப்படி? என் மனசுதான் பலவீனமா, இல்லை உங்களில் யாராவது இதைப் பார்த்திருக்கிறீர்களா?

---

பாடவேளை (நர்சிங் கல்லூரி ஆசிரியை)

தங்கச்சி, உங்கள் மனசில் எந்தப் பலவீனமும் இல்லை. நீங்கள் சொன்ன இரண்டாவது அனுபவத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு குறிப்பிட்ட வேலையை என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை, ஆங்கிலத்தில் செல்ஃப் எஃபிகசி என்பார்கள், அது எங்கிருந்து வருகிறது என்று நான்கு வழிகளைச் சொன்னார். தானே செய்து முடித்த அனுபவம் முதலாவது. தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது இரண்டாவது. நாம் மதிக்கும் ஒருவர் 'உன்னால் முடியும்' என்று சொல்வது மூன்றாவது. அந்த நேரத்தில் நம் உடம்பும் மனமும் இருக்கும் நிலை, அதாவது படபடப்பு, வியர்வை, களைப்பு, நான்காவது. இந்த நான்கில் மிக வலுவானது முதலாவதுதான் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இப்போது உங்கள் இரண்டு இன்சார்ஜ்களையும் இதில் வைத்துப் பாருங்கள். முதலாமவர் நான்காவது வழியைக் கெடுத்தார். கை நடுங்கும்போது மூளை அதை 'எனக்கு இது வராது' என்று படித்துக்கொள்கிறது. மூன்றாவதையும் அவர் தலைகீழாக்கினார். இரண்டாமவர் மூன்றையும் நான்கையும் நன்றாகவே பார்த்துக்கொண்டார், ஆனால் முதலாவதையே எடுத்துவிட்டார். வெயினைக் கண்டுபிடித்தது நீங்கள், போட்டது அவர். முடித்த அனுபவம் அவர் கணக்கில் சேர்ந்தது. உங்கள் கணக்கில் சேர்ந்தது, 'இந்த மாதிரி வெயின் என்றால் சீனியர் வேண்டும்' என்ற பாடம் மட்டும்தான்.

அன்பான குரலும் தட்டிக்கொடுப்பதும் நல்லதுதான். ஆனால் வேலையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டே "நீ கெட்டிக்காரி" என்று சொன்னால், கை சொல்வதைத்தான் மனசு நம்பும், வாய் சொல்வதை நம்பாது.

---

ஐசியு_நைட் (சீனியர் ஸ்டாஃப் நர்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவு)

மேடம், மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து.

எங்களை வளர்த்தவர்கள் கண்டிப்பானவர்கள். ரத்த அழுத்தத்துக்கு ஓடும் டோபமின் மருந்து எத்தனை மைக்ரோகிராம் போகிறது என்று ரவுண்ட்ஸில் கேட்டு, பதில் வரவில்லையென்றால் நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். அடுத்த நாள் யாரும் படிக்காமல் வர மாட்டோம். இன்று வெண்டிலேட்டர் அலாரம் அடித்தால், நோயாளியைப் பார்ப்பதா, டியூபைப் பார்ப்பதா, மெஷினைப் பார்ப்பதா என்ற வரிசை எங்களுக்குத் தானாக வருகிறதென்றால் அந்தக் கண்டிப்புதான் காரணம். எல்லாவற்றுக்கும் 'மனசு நோகும்' என்று பார்த்தால் உயிர் போகும் இடத்தில் வேலை செய்ய முடியாது. சிபிஆர் ஓடும்போது "தயவுசெய்து அட்ரினலின் எடுத்துத் தர முடியுமா" என்றா கேட்பது? "அட்ரினலின் ஒரு மில்லிகிராம், இப்பவே" என்றுதான் சொல்ல வேண்டும்.

தலைமை என்றால் பயமும் கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

---

பாடவேளை

நீங்கள் சொல்லும் இரண்டும் வேறு வேறு விஷயங்கள், தம்பி. அவசர நேரத்தில் ஒருவர் கட்டளையிட வேண்டும், மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்லிச் செய்ய வேண்டும். "அட்ரினலின் ஒரு மில்லிகிராம் போட்டாச்சு" என்று குரல் வர வேண்டும். அது நம்பிக்கையைக் குறைக்காது, கூட்டும். தன் வேலை என்ன என்பது அந்த நேரத்தில் தெளிவாகத் தெரிவது ஒரு ஜூனியருக்குப் பெரிய பலம். குர்ட் லெவினும் அவருடன் இருந்தவர்களும் 1939-இலேயே சர்வாதிகாரமான, ஜனநாயகமான, கண்டுகொள்ளாத என மூன்று தலைமை முறைகளைச் சிறுவர் குழுக்களில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு வந்த ஹெர்சியும் பிளான்சார்டும், ஆளின் தேர்ச்சியைப் பார்த்து முறையை மாற்ற வேண்டும் என்றார்கள். ஆக, உத்தரவு போடுவது தவறு என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் உங்களை வளர்த்தது திட்டா, கேள்வியா? டோபமின் அளவைக் கேட்டார்கள், நீங்கள் படித்தீர்கள், அடுத்த நாள் பதில் சொன்னீர்கள். அந்தப் பதில் சொன்ன அனுபவம் உங்களை வளர்த்தது. உயர்ந்த எதிர்பார்ப்பு வேறு, அவமானம் வேறு. இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வந்ததால் ஒன்றாகத் தெரிகிறது. அதே அவமானத்தில் வேலையை விட்டுப் போனவர்கள் இன்று இங்கே வந்து எழுத மாட்டார்கள், அவர்கள் கதை நமக்குக் கேட்காது.

---

வார்டு_பொறுப்பு (வார்டு இன்சார்ஜ், அறுவை சிகிச்சைப் பிரிவு)

நான் அந்தப் பக்கத்தில் நிற்பவள் என்பதால் பேச வேண்டியிருக்கிறது.

கையிலிருந்து ஏன் வாங்குகிறோம் தெரியுமா? பன்னிரண்டு மணி ஆன்டிபயாடிக் நிற்கிறது. தியேட்டரிலிருந்து கேஸ் வரப் போகிறது. அட்டெண்டர் வந்து "சிஸ்டர் இன்னும் குத்தலையா" என்று நிற்கிறார். ஜூனியர் ஐந்து நிமிடம் எடுப்பாள், எனக்கு ஒரு நிமிடம். நோயாளிக்கு வலி குறைவு. புகார் வந்தால் சூப்பரிண்டெண்ட் என்னைத்தான் கூப்பிடுவார். இவ்வளவும் ஒரே நேரத்தில் தலையில் ஓடும். அன்பினாலும் வாங்குவோம், அவசரத்தாலும் வாங்குவோம், பதில் சொல்ல வேண்டிய பயத்தாலும் வாங்குவோம்.

ஆனால் தங்கச்சி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இன்று அந்த நாலு நிமிடத்தை மிச்சம் பிடித்தால், வருஷம் பூராவும் கடினமான வெயின் ஒவ்வொன்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் லீவில் போனால் வார்டு நின்றுவிடும்.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். புதிதாக வந்த பெண் கேனுலா போடப் போனால், கட்டிலின் மறு பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். பின்னால் நிற்க மாட்டேன், பின்னால் நின்றால் பரீட்சை மாதிரி இருக்கும். எதிரில் நின்றால் நோயாளியின் கையைப் பிடித்துக்கொடுக்கலாம், பேச்சுக் கொடுக்கலாம். என் கை அங்கே வேலையாக இருக்கும், ஊசிப் பக்கம் போகாது. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் குத்தக்கூடாது என்பது பல இடங்களில் உள்ள நடைமுறைதான். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். "ரெண்டு தடவை நீ பாரு, வரலைன்னா நான் பார்க்கிறேன், எனக்கும் வரலைன்னா அனஸ்தீசியா டாக்டரைக் கூப்பிடுவோம்." இப்படிச் சொன்னால், கிடைக்காமல் போனாலும் அவள் தோற்றதாக ஆகாது. வரிசைப்படி அடுத்த ஆளிடம் போகிறது, அவ்வளவுதான்.

உள்ளே போன பிறகு நான் "சூப்பர்" என்று சொல்வதில்லை. "ஊசிக்குள்ள ரத்தம் ஃபிளாஷ் ஆனதும் கோணத்தைத் தாழ்த்தினே பாரு, அதனாலதான் வெயினுக்குள்ளேயே போச்சு" என்பேன். எதனால் வந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த தடவை அதையே செய்ய முடியும்.

---

இரவுமுழுதும் (ஸ்டாஃப் நர்ஸ், மகப்பேறு வார்டு)

திட்டுபவர், கையிலிருந்து வாங்குபவர் இரண்டு பேரையும் பேசுகிறோம். மூன்றாவது ஒருவரை விட்டுவிட்டோம். ஆளே இல்லாதவர்.

எங்கள் இன்சார்ஜ் யாரையும் திட்டியதில்லை, எதையும் வாங்கியதில்லை. ரோஸ்டர் போடுவார், அறைக்குள் போய்விடுவார். நைட்டில் பிரசவம் முடிந்த அம்மாவுக்கு ரத்தப்போக்கு கூடுகிறது என்று போன் செய்தால் "டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா? அப்போ சரி" என்பதோடு முடிந்தது. கருப்பையைத் தேய்த்துக் கொடுத்து, ஆக்சிடோசின் ஓட விட்டு, பேடுகளை எடை போட்டு, எவ்வளவு போயிருக்கிறது என்று கணக்குப் பார்த்து எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தோம். அம்மா நன்றாக வீடு போனார். ஆனால் சரியாகச் செய்தோம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் யாரும் கேட்கவும் இல்லை. நன்றாகச் செய்த ஒரு ராத்திரி, எங்களுக்குள் 'எப்படியோ தப்பித்தோம்' என்ற நினைப்பாகத்தான் தங்கியது.

முடித்த அனுபவம் இருந்தால் போதும் என்று மேடம் சொன்னார். முடித்தும் நம்பிக்கை வராமல் போகலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

---

பாடவேளை

இதை எழுதியதற்கு நன்றிம்மா. நான் மேலே எழுதியதில் இருந்த இடைவெளியை நீங்கள் நிரப்பிவிட்டீர்கள். பண்டூராவும் வெறும் வெற்றி போதும் என்று சொல்லவில்லை. அந்த வெற்றியை நாம் எதன் கணக்கில் எழுதுகிறோம் என்பதும் சேர்ந்துதான் வேலை செய்கிறது. அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதினால் நம்பிக்கை வளராது. அதைத் திறமையின் கணக்கில் எழுத வைப்பது ஒரு இன்சார்ஜின் வேலை. மறுநாள் பத்து நிமிடம் உட்கார்ந்து "எப்போ சந்தேகப்பட்டீங்க? எதை முதல்ல செஞ்சீங்க?" என்று கேட்டிருந்தால், அந்த ராத்திரி உங்கள் எல்லோருக்கும் ஒரு சொத்தாகியிருக்கும்.

தலைமையை ஆராய்ந்த பெர்னார்ட் பாஸ் விளக்கிய வகைப்பாட்டில், ஆளை உயர்த்தும் தலைமை ஒரு முனை, கொடுக்கல் வாங்கல் தலைமை நடுவில், எதையும் கண்டுகொள்ளாத தலைமை மறுமுனை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனிப்பதும், யோசிக்கத் தூண்டுவதும் அவர் சொல்லும் முதல் வகையின் கூறுகள். 'அமைதியான மனுஷி, தொந்தரவே இல்லை' என்று நாம் பாராட்டும் சிலர் மறுமுனையில் நிற்கிறார்கள்.

---

மருந்துக்கணக்கு (ஸ்டாஃப் நர்ஸ், முதுகலை மாணவர்)

இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, இந்தத் தலைப்பில் வரும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் கேள்வித்தாள் கொடுத்து எடுக்கப்படுபவை. 'உங்கள் தலைவர் எப்படி?' என்றும் 'உங்கள் திறமை மேல் உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை?' என்றும் அதே நர்ஸிடம் அதே நாளில் கேட்கிறார்கள். இரண்டும் சேர்ந்து கூடினால், நல்ல தலைமை நம்பிக்கையைக் கொடுத்தது என்றும் படிக்கலாம், தன்மேல் நம்பிக்கை உள்ளவர்கள் தலைவரையும் நல்லவிதமாகப் பார்க்கிறார்கள் என்றும் படிக்கலாம். பொதுவாகப் பயன்படும் ஷ்வார்சர், ஜெருசலம் அளவுகோலில் பத்தே கேள்விகள்தான், மதிப்பெண் 10 முதல் 40 வரை. எல்லா விஷயத்துக்கும் பொதுவான கேள்விகள் அவை. ஆனால் பண்டூரா, எந்த வேலையோ அந்த வேலைக்கென்றே கேட்க வேண்டும் என்றார். டிரெஸ்ஸிங் செய்வதில் சிங்கமாக இருப்பவர் டாக்டரிடம் மறுத்துப் பேசுவதில் வாயே திறக்காமல் இருக்கலாம்.

இரண்டாவது, நம்பிக்கை மட்டும் வளர்ந்து திறமை வளராவிட்டால் அது ஆபத்து. இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் போன்ற, அளவு தவறினால் உயிருக்கே ஆபத்தான மருந்துகளில் 'எனக்குத் தெரியும்' என்பவரைவிட 'இன்னொருவர் ஒருமுறை பாருங்கள்' என்பவரிடம்தான் நான் என் வீட்டு ஆளை ஒப்படைப்பேன். ஆகவே தலைமையின் வேலை நம்பிக்கையை ஏற்றுவது மட்டும் இல்லை, உண்மையான திறமைக்குச் சமமாக அதைக் கொண்டுவந்து நிறுத்துவதும்தான்.

---

ஐசியு_நைட்

இந்த இரண்டாவது கருத்தைத்தான் நான் முதலிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன். கண்டிப்பு வேண்டும் என்று நான் சொன்னதன் உள்ளே இருந்தது இந்தப் பயம்தான். கையில் திறமை இல்லாமல் மனசில் தைரியம் மட்டும் இருப்பவர்களை ஐசியுவில் பார்த்திருக்கிறேன்.

ஒரு கேள்வி. ஒரு ஜூனியர் நர்ஸுக்கு டாக்டரை மறுத்துப் பேசும் தைரியம் எப்படி வரும்? இதற்கு இன்சார்ஜ் என்ன செய்ய முடியும்? கேனுலாவில் எதிரில் நிற்கலாம், இதில் எங்கே நிற்பது?

---

பாடவேளை

நல்ல கேள்வி. இதற்கு இரண்டு பெரிய உதாரணங்கள் எனக்குத் தெரியும்.

ஒன்று பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற ஐசியு டாக்டர் செய்தது. 2001-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஐசியுவில், சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக் குழாயில் போடும் கதீட்டர்) போடும்போது கடைப்பிடிக்க வேண்டியவற்றை ஒரு சிறு பட்டியலாக்கினார். கை கழுவுவது, குளோர்ஹெக்ஸிடினால் தோலைத் துடைப்பது, நோயாளி முழுவதையும் ஸ்டெரைல் துணியால் மூடுவது என்று எல்லோருக்கும் தெரிந்தவைதான். புதிதாக என்ன என்றால், டாக்டர் ஒன்றை விட்டுவிட்டால் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நர்ஸுக்குக் கொடுக்கப்பட்டது, நிர்வாகம் நர்ஸின் பக்கம் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. பிறகு மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியுக்களில் இதையும் இன்னும் சில மாற்றங்களையும் கொண்டுவந்தார்கள். 2006-இல் வெளியான முடிவில், ஆயிரம் கதீட்டர் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் லைன் இருந்தால் ஒரு கதீட்டர் நாள்) 2.7 ஆக இருந்த ரத்தத் தொற்றின் இடைநிலை விகிதம் மூன்று மாதத்தில் பூஜ்யமானது. பட்டியலுக்கு எவ்வளவு பங்கு, அதிகாரத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாதுதான். ஆனாலும் பின்னால் ஆள் இருக்கிறார் என்று தெரியாமல் எந்த நர்ஸும் ஒரு சர்ஜனை நிறுத்தச் சொல்ல மாட்டார்.

இன்னொன்று ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1996-இல் வெளியிட்டது. இரண்டு மருத்துவமனைகளின் எட்டு பிரிவுகளில் மருந்துத் தவறுகளைப் பார்த்தார். நல்ல தலைமை உள்ள பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகம் இருந்தன. காரணம், அங்கே பயமில்லாமல் வெளியே சொன்னார்கள். மற்ற பிரிவுகளில் மூடி மறைத்தார்கள். உங்கள் வார்டில் நடந்த தவறைத் தெரிவிக்கும் இன்சிடென்ட் ரிப்போர்ட்டே வரவில்லை என்று யாராவது பெருமைப்பட்டால் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

ஆக, நீங்கள் கேட்ட 'எங்கே நிற்பது' என்பதற்கு என் பதில்: ஜூனியர் பேசிய அடுத்த நொடியில். அவள் "சார், இந்த டோஸ் சந்தேகமா இருக்கு" என்று சொன்னதும் அறையில் ஒரு மௌனம் வரும். அந்த நேரம் இன்சார்ஜ் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பெண் இனிப் பேச மாட்டாள். "ஆமாம் சார், ஒரு தடவை பார்த்துடலாம்" என்று ஒரு வரி போதும். அவள் சொன்னது தவறாகவே இருந்தாலும் அந்த வரி வேண்டும். டோஸ் சரிதான் என்று தெரிந்த பிறகு, தனியாக விளக்கிக்கொள்ளலாம்.

---

வார்டு_பொறுப்பு

மேடம் சொன்னதோடு இன்னொன்று. ஆளின் நிலையையும் பார்க்க வேண்டும். பட்ரிசியா பென்னர் என்ற நர்சிங் அறிஞர் 1984-இல் நர்ஸின் வளர்ச்சியை ஐந்து படியாகப் பிரித்தார், புதியவர் தொடங்கி வல்லுநர் வரை. அதில் நான் கவனித்தது, பத்து வருஷம் ஆர்த்தோவில் இருந்தவர் பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்கு மாறினால் அங்கே மறுபடியும் புதியவர்தான். ஆனால் சீனியர் என்பதால் யாரும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள், அவரும் கேட்கக் கூச்சப்படுவார். வெளியில் தெரியாமல் நம்பிக்கை இழப்பவர்கள் இவர்கள். புதிதாக வந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நாம் இவர்களை மறந்துவிடுகிறோம். இவர்களுக்கும் முதல் சில வாரம் கூட ஒரு ஆள் போட வேண்டும், அதைக் கௌரவக் குறைச்சல் ஆக்காமல் போட வேண்டும்.

---

காலைடியூட்டி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

எங்கள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் ஹேண்டோவர் முடிந்த பிறகு தனியாகப் பேசினேன். குறை சொல்கிற மாதிரி ஆகிவிடக்கூடாது என்பதால், "சிஸ்டர், கஷ்டமான வெயின்ல நான் பழகணும். ரெண்டு தடவை என்னைப் பார்க்க விடுங்க, நீங்க கூடவே இருங்க" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். சரி என்று ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு சிலவற்றில் கிடைத்தது, ஒன்றில் கிடைக்கவில்லை. கிடைக்காததில் அவரிடம் கொடுத்தபோது முன்பு போல் உள்ளே சுருங்கிப் போகவில்லை.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. பக்கத்தில் நிற்கும் உறவினர்கள். நான் ட்ரேயை எடுத்துக்கொண்டு போனாலே "பெரிய சிஸ்டரைக் கூப்பிடுங்க" என்கிறார்கள். சிஸ்டரும் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு முன்னால் வந்துவிடுகிறார். இதற்கு என்ன செய்வது?

---

வார்டு_பொறுப்பு

இது உங்கள் கையில் இல்லை, அவர் கையில் இருக்கிறது. அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். உறவினர் அப்படிக் கேட்டால் நான் சொல்லும் பதில் இது: "இவங்கதான் இன்னைக்கு உங்க அப்பாவைப் பார்த்துக்கறாங்க, இவங்களே போடுவாங்க. நான் இங்கேயேதான் நிக்கறேன்." சொல்லிவிட்டு நிஜமாகவே அங்கே நிற்க வேண்டும். அதே நேரம் நோயாளியே வேண்டாம் என்று சொன்னால் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், அது அவர் உடம்பு. அப்படிப்பட்ட நாளில் நான் போட்டுவிட்டு, அதே ஷிஃப்ட்டில் வேறொரு நோயாளியை உங்களுக்கு ஒதுக்குவேன். அந்த வாய்ப்பு அடுத்த வாரத்துக்குப் போகக்கூடாது.